ஒத்து ஊதுகிறவர்

உங்களுக்குப் பிடித்த சினிமாப் பாட்டு ஒன்றை மனசுக்குள் ஓடவிடுங்கள். மெட்டு வரும். பாடியவரின் குரல் வரும். நடுவில் வயலின் கூட்டம், புல்லாங்குழல் எல்லாம் வரிசையாக வரும். தபேலாவைக்கூடத் தொடையில் தட்டிக் காட்டிவிடுவீர்கள். சரி, அதே பாட்டில் பேஸ் கிடார் என்ன வாசித்தது என்று கொஞ்சம் முனகிக் காட்டுங்கள், பார்க்கலாம்.

விழிப்போம். அப்படி ஒன்று அந்தப் பாட்டில் இருந்ததா என்றே சந்தேகம் வரும். இருந்தது. இளையராஜாவின் பாட்டுகளில் சசிதரன் என்பவரும், ஏ.ஆர். ரஹ்மானின் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸ் என்பவரும் நமக்குத் தெரியாமலே நம் காதுக்குள் வருஷக்கணக்காகக் குடியிருக்கிறார்கள். அவர்கள் வாசித்ததை மட்டும் உருவி எடுத்துவிட்டுப் பாட்டைப் போட்டால், பாட்டு தரையில் கால் பாவாமல் தொங்கும். 'என்னமோ குறையுதே' என்பீர்கள். என்ன குறைகிறது என்று சொல்லத் தெரியாது.

இருக்கும்போது தெரியாமல், இல்லாதபோது மட்டும் தெரிகிற இப்படிப்பட்டவர்களைப் பற்றி நாம் மேடையில் நெகிழ்ந்து நெகிழ்ந்து பேசுவோம். அஸ்திவாரம் என்போம், வேர் என்போம். ஆனால் நம்முடைய மொழி அவர்களை என்ன சொல்லி வைத்திருக்கிறது, பாருங்கள். தமிழிசையில் மூன்று ஸ்தாயிகளுக்குப் பெயர் மெலிவு, சமன், வலிவு. கீழே ஒலித்தால் மெலிவாம், மேலே போனால் வலிவாம்! கீழ் ஒலிக்கு இன்னொரு பெயர் மந்தம். பள்ளிக்கூடத்தில் எந்தப் பையனை மந்தம் என்றார்கள் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து என்று ஒன்று உண்டு. நாதஸ்வரம் மாதிரியே நீளக் குழல். ராகம் கிடையாது, ஸ்வரம் கிடையாது. ராத்திரி பூரா ஒரே சுருதியை மூச்சு அறாமல் ஊதவேண்டும். அந்தச் சுருதியைப் பிடித்துக்கொண்டுதான் நாதஸ்வரக்காரர் வானத்துக்கும் பூமிக்குமாகப் போய்வருகிறார். அந்த மனுஷருக்கு நாம் கொடுத்த மரியாதை என்ன? 'அவன் ஒத்து ஊதுறான்' என்பது தமிழில் ஒரு வசவு. பின்பாட்டுப் பாடுகிறவருக்கும் அதே கதிதான்.

திருநெல்வேலிப் பக்கம் இதில் கொஞ்சம் நியாய உணர்வு உண்டு என்று நினைக்கிறேன். சுடலைமாடன் கோயில் கொடையில் கணியான் கூத்து பார்த்திருக்கிறீர்களா? இரண்டு மகுடம் அடிப்பார்கள். ஒன்று உச்சம், இன்னொன்று மந்தம். இரண்டு பேரும் ஒரே வரிசையில் நின்றுதான் அடிப்பார்கள். வில்லுப்பாட்டிலோ வில்லைத் தாங்குவதே குடம்தான். தாங்கவும் செய்யும், அதன் வாயில் தட்டினால் 'கும்'மென்று கீழ் ஒலியும் தரும். குடம் இல்லாமல் வில்லை நிறுத்த முடியாது.

இந்த விஷயம் இப்போது எதற்கு என்றால், பேட்டையில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் இருக்கிறார். பேட்டை தெரியுமில்லையா? திருநெல்வேலியிலிருந்து தென்காசி ரயிலில் ஏறினால் முதலில் டவுன் ஸ்டேஷன், அடுத்தது பேட்டை. டவுனுக்கு ஒட்டியே இருந்தும் டவுன் என்று பேர் வாங்காத ஊர். தம்பிக்குப் பகலில் ஒரு பட்டறையில் வேலை. ராத்திரியில், கொடை சீசனில், ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார். அவர் என்னிடம் கேட்டது இதுதான்:

"அண்ணாச்சி, டிலே பெடல் வாங்கட்டுமா, சின்த் பெடல் வாங்கட்டுமா? ரெண்டுல ஒண்ணுதான் முடியும். துட்டு அம்புட்டுதான் இருக்கு."

"எதுக்கு தம்பி பெடல்?"

"நான் வாசிக்கது யாருக்கும் கேக்க மாட்டேங்கு அண்ணாச்சி. எங்கம்மையே முன்னால உக்காந்து முழுக் கச்சேரியும் கேட்டுட்டு, 'நீ எப்பல வாசிச்ச?'ங்கா. கீபோர்டுக்காரரு வேற எடது கையாலயே பேஸ் போட்டுருதாரு. அடுத்த சீசனுக்கு பேஸ் வேணுமான்னு பாப்போம்ங்காங்க."

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெடல் என்பது காலால் மிதித்து இயக்குகிற, டிபன் டப்பா அளவு சின்னப் பெட்டி. கிடாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் உட்கார்ந்து ஒலியை மாற்றும். டிலே என்றால் எதிரொலி. நீங்கள் ஒரு தடவை மீட்டினால் அது இரண்டு, மூன்று, நாலு தடவை திருப்பிச் சொல்லும். சின்த் என்றால் சிந்தசைசர். உங்கள் கம்பியின் ஒலியை வாங்கி அதை வேறொரு குரலில், மின்சாரக் குரலில், பேசவைக்கும். கடைக்காரரிடம் கேட்டால் எது ஸ்டாக்கில் இருக்கிறதோ அதுதான் நல்லது என்பார்.

தம்பி கேட்டது சாமான் பற்றி. எனக்குள் கிளம்பியது வேறு கேள்வி. தாங்கி நிற்பதே வேலையாக உள்ள ஒருவர், 'என்னையும் நாலு பேர் கேட்கணும்' என்று ஆசைப்படலாமா? அது அகம்பாவமா, நியாயமா?

உடனே ஒரு உபதேசம் நாக்கு நுனிக்கு வருகிறது. 'கேட்காமல் இருப்பதுதான் பேஸின் அழகு. உன் கடமையைச் செய்.' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கவனித்துப் பாருங்கள், இந்த உபதேசத்தை எப்போதும் முன் மைக்கில் நிற்கிறவர்தான் சொல்கிறார். பின்னால் நிற்கிறவர் அடக்கம் என்று நினைத்தா நிற்கிறார்? இடம் அங்கேதான் கொடுத்தார்கள் என்று நிற்கிறார். கொடுத்த இடத்தில் நிற்பதற்கு அடக்கம் என்று பேர் சூட்டுவது நமக்கு ரொம்ப வசதி.

இன்னொன்று. பேஸ் கிடார் என்ற வாத்தியமே 'கேட்கணும்' என்கிற ஆசையில் பிறந்ததுதான். அதற்கு முன்னால் அந்த வேலையைச் செய்தது ஆள் உயர டபுள் பேஸ். அமெரிக்காவில் நடனக் குழுக்களில் டிரம்ஸும் மின்சாரக் கிடாரும் சத்தத்தைக் கூட்டக் கூட்ட, அந்த மரப் பூதத்தின் ஒலி மூழ்கிப்போனது. சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போவதும் பெரும்பாடு. 1951-ல் லியோ ஃபெண்டர் என்ற ரேடியோ ரிப்பேர்க்காரர், தோளில் மாட்டி ஆம்ப்ளிஃபயரில் சொருகுகிற பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று அதை யாராவது 'செயற்கை' என்கிறார்களா? ஆகவே, தம்பி கேட்கப்பட ஆசைப்படுவது தப்பில்லை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் வேறு இடத்தில். கேட்கப்படுவதற்கு ஒரு இடம் வேண்டும். அந்த இடத்தை யாரிடமிருந்து எடுக்கப்போகிறோம்?

முதலில் டிலே. எதிரொலிக்கு மயங்காத ஊர் தமிழ்நாட்டில் உண்டா? கொடை மேடையில் 'பெரியோர்களே... களே... களே...' என்று அறிவிப்பாளர் எக்கோ வைத்துப் பேசினால்தான் திருவிழா களைகட்டும். இயற்கை எதிரொலியின் கணக்கு எளிமையானது. ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. பாபநாசம் பக்கம் 170 மீட்டர் தள்ளி இருக்கிற பாறையைப் பார்த்துக் கூவினால், போய்த் திரும்ப ஒரு விநாடி. பாறை உங்களிடம் யோசனை கேட்காது. பெடல் கேட்கும். எவ்வளவு நேரம் கழித்து, எத்தனை தடவை, எவ்வளவு சத்தமாக என்று மூன்று திருகு வைத்திருக்கிறது.

ஆரம்பத்தில் டேப்பில் பதிந்து, கொஞ்சம் தள்ளி இன்னொரு ஹெட்டில் படித்து எதிரொலி உண்டாக்கினார்கள். அப்புறம் 1969-ல் பிலிப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு சர்க்யூட் கண்டுபிடித்தார்கள். அதன் பேர் 'பக்கெட் பிரிகேட்'. தீப்பிடித்தால் ஜனங்கள் வரிசையாக நின்று வாளித் தண்ணீரைக் கை மாற்றி அனுப்புவார்கள் இல்லையா, அதேதான். ஒலியின் மின்னளவை ஒரு கெப்பாசிட்டர் அடுத்ததற்கு, அது அதற்கடுத்ததற்கு என்று ஆயிரக்கணக்கில் கை மாற்றிக்கொண்டே போகும். வழியில் வாளி கொஞ்சம் சிந்தும். அதனால் திரும்பி வருகிற ஒலி ஒவ்வொரு தடவையும் கூர்மை மழுங்கி, மங்கி, தேய்ந்துபோகும். நம் ஞாபகம் மாதிரி. 1983-ல் பாஸ் என்ற ஜப்பானிய கம்பெனி டிடி-2 என்கிற டிஜிட்டல் டிலே பெடலைக் கொண்டுவந்தது. அது சிந்தாது. முதல் தடவை எப்படியோ அப்படியே அச்சு அசலாகத் திருப்பித் தரும். தப்பாக வாசித்தாலும்தான். மங்குகிற ஞாபகமும் மங்காத ஞாபகமும் இப்போது ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்து அலமாரியில் கிடைக்கின்றன. எது வேண்டும் என்று மனுஷனைக் கேட்டால், தன் தப்புகளுக்கு முதலாவதையும் அடுத்தவர் தப்புகளுக்கு இரண்டாவதையும் வாங்குவான்.

சரி, பேஸுக்கு வருவோம். பாடகருக்கு எதிரொலி அழகு, சோலோ கிடாருக்கு இன்னும் அழகு. பேஸுக்கு ஏன் ஜாக்கிரதை வேண்டும் என்றால், கீழ் ஒலி லேசில் கலையாது. மேல் ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் பனி மாதிரி இருக்கும். கீழ் ஒலிகள் விழுந்தால் தாமிரபரணியில் வெள்ளம் வந்த மறுநாள் மாதிரி, ஒரே சகதி. அடுத்த தாளக் கணக்கைப் பாருங்கள். நிமிஷத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு அரை விநாடி, 500 மில்லி விநாடி. டிலேயை அதில் வைத்தாயிற்று. கொடை மேடையில் நம் டிரம்ஸ்காரர் உற்சாகத்தில் 124-க்குப் போகிறார். போகாத டிரம்ஸ்காரர் உண்டா? இப்போது ஒரு தட்டு 484 மில்லி விநாடி. முதல் எதிரொலி 16 மில்லி விநாடி லேட். நாலாவது எதிரொலி 64 லேட். தாளத்தைப் பிடித்து நிற்கவேண்டிய ஆளே நாலு குரலில் நாலு விதமாகத் தடுமாறுகிற மாதிரி கேட்கும். காலால் தட்டி வேகத்தைத் திருத்தும் வசதி பல பெடல்களில் உண்டுதான். ஆனால் கால் ஒரு பக்கம் தட்ட, விரல் ஒரு பக்கம் வாசிக்க, கண் டிரம்ஸ்காரரை முறைக்க...

என் தயக்கம் இதைவிட அடியில் இருக்கிறது. ஒரு பாட்டில் பேஸ் ஒரு ஸ்வரம் வாசித்துவிட்டு நிறுத்துகிறதே, அந்த நிறுத்தம் சும்மா கிடக்கிற புறம்போக்கு இல்லை. அதில்தான் தபேலாவின் ஒரு உருட்டல் வரும், பாடகியின் ஒரு மூச்சு வரும். டிலே அந்த இடைவெளியில் போய் உட்காருகிறது. நான் சொல்லி முடித்துவிட்டேன், ஆனாலும் என் குரல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, நீங்கள் காத்திருங்கள். கூட்டங்களில் இப்படிப்பட்டவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். திருப்பும் திருகை எல்லை மீறித் திருகினால் பழைய மாதிரிப் பெடல்கள் இன்னொன்றும் செய்யும். எதிரொலி தேய்வதற்குப் பதிலாக வளர ஆரம்பித்து, கிடாரில் கை வைக்காமலே ஊளையிடும். பேச்சாளர் இறங்கிப் போனபிறகும் மைக் மட்டும் பேசுகிறது!

டிலேயே கூடாது என்று சொல்லவில்லை. தனியாக ஒரு பேஸ் வாசிப்பு, மெதுவான ஒரு முன்னிசை, அங்கே அது தேவகானம். சில பெடல்களில் நேர் ஒலியை அப்படியே விட்டுவிட்டு, எதிரொலியில் மட்டும் அடி ஒலியை வெட்டிக்கொள்ளலாம். பேஸ்காரர் வாங்கினால் அதைத்தான் வாங்கவேண்டும். ஆனால் தம்பியின் குறை, திருப்பிச் சொல்ல ஆள் இல்லை என்பதல்லவே. முதல் தடவை சொன்னதே கேட்கவில்லை என்பது.

ஏன் கேட்கவில்லை? பேஸ் கிடாரின் தடித்த கம்பி விநாடிக்கு 41 தடவை அதிர்கிறது. அந்த ஒலியின் ஒரு அலை மட்டும் எட்டு மீட்டருக்கு மேல் நீளம். கொடைக்குத் தெருத் தெருவாகக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரோ 300, 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே திணறிப்போகும். அதாவது, தம்பி வாசிக்கிற அடி ஒலி தெருமுனைக்கு வந்து சேரவே இல்லை. அதன் மேல் மடங்குகள் மட்டும் கொஞ்சம் வரும். இங்கே ஒரு அதிசயம் உண்டு. மடங்குகளை வைத்துக்கொண்டு, வராத அடி ஒலியை நம் மூளையே இட்டு நிரப்பிக்கொள்கிறது. ஒலி இயலில் தெரிந்த சங்கதிதான் இது. சின்ன டிரான்சிஸ்டரிலும் செல்போனிலும் பேஸ் 'கேட்கிற' மாதிரி இருப்பது இதனால்தான். அந்த அம்மா கேட்கவில்லை என்று சொன்னாலும், அவர் மூளை மகனை வாசித்திருக்கக்கூடும்! ஆனால் மூளை இட்டு நிரப்ப மடங்குகள் வேண்டும். மெத்தென்ற பேஸ் ஒலியில் அவை குறைவு.

சின்த் பெடல் செய்கிற காரியம் அதுதான். கம்பியின் ஒலியை ரம்பப் பல் மாதிரி அலையாக மாற்றும்போது மேல் மடங்குகள் வரிசையாக முளைக்கின்றன. மட்டமான ஸ்பீக்கரிலும் அது கிழித்துக்கொண்டு வரும். அடுத்தவர் இடைவெளியில் போய் உட்காராது. தன் ஸ்வரம் முடிந்ததும் முடியும். தன் குரலைத்தான் மாற்றிக்கொள்கிறது, அடுத்தவர் நேரத்தை எடுக்கவில்லை. 1992-ல் 'ரோஜா' வந்ததற்கப்புறம் தமிழ்ப் பாட்டுகள் எத்தனையோவற்றில் பேஸ் கீபோர்டிலிருந்து வருகிறது. அந்தப் பாட்டுகளுக்குக் கம்பிக் குரலில் வாசித்தால் கூட்டம் 'ஏதோ வேற மாதிரி இருக்கே' என்கும். கீபோர்டுக்காரரின் இடது கை தம்பியின் இடத்துக்கு வந்த வழியும் அதுதான்.

'அப்போ அது அவர் ஒலி இல்லையே, மெஷின் ஒலிதானே?' என்று கேட்பீர்கள். மெஷினுக்கும் ஒரு கஷ்டம் இருக்கிறது. 41 ஹெர்ட்ஸில் ஒரு அதிர்வு முடியவே 24 மில்லி விநாடி ஆகும். என்ன ஸ்வரம் என்று கண்டுபிடிக்கிற பெடலுக்கு ஒன்றிரண்டு அதிர்வாவது வேண்டும். அதனால் தடித்த கம்பியில் சின்த் கொஞ்சம் பின்தங்கும், குழம்பும். இரண்டு கம்பி சேர்ந்து ஒலித்தால் பல பெடல்கள் பைத்தியம் பிடித்த மாதிரி உளறும். அதற்கு வேலை செய்யவேண்டுமானால் ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம், மற்ற கம்பிகளை அழுத்தி அடக்கி, கொஞ்சம் மேல் கட்டைகளில், துல்லியமாக வாசிக்கவேண்டும். விரலில் சுத்தம் இல்லாதவரை இந்தப் பெட்டி மேடையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். இவ்வளவு கறாராக வேலை வாங்குகிற ஒன்றைப் பொய் என்று தள்ள எனக்கு மனசில்லை.

இந்த இடத்தில் சரண்ஜித் சிங்கைச் சொல்லாமல் இருக்க முடியாது. மும்பைக்காரர். இந்தி சினிமாவில் கிடார், பேஸ் கிடார், கீபோர்டு என்று பாடலாசிரியர் பேர், பாடகர் பேரெல்லாம் போட்டபிறகு பேர் போட இடமில்லாமல் போகிற கூட்டத்தில் ஒருவர். 1981-ல் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி டிபி-303 என்று ஒரு வெள்ளிநிறப் பெட்டியை விற்க ஆரம்பித்தது. எதற்கென்றால், பேஸ் வாசிக்க ஆள் கிடைக்காத கிடார்க்காரர்களுக்கு ஆளுக்குப் பதிலாக. 'பேஸ் வேணுமான்னு பாப்போம்' என்கிற குரல் அன்றைக்கே பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து வந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெட்டி பேஸ் கிடார் மாதிரியே ஒலிக்கவில்லை. யாரும் வாங்கவில்லை. 1984-ல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதற்குள், 1982-ல், யாரை ஒழிக்க அந்தப் பெட்டி வந்ததோ அந்த இனத்தைச் சேர்ந்த சரண்ஜித் சிங்கே அதை முன்னால் வைத்துக்கொண்டு, பைரவி, யமன், தோடி என்று பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு இசைத்தட்டு போட்டார். பேஸை அடியில் ஒளித்துவைக்காமல் நடுக்கூடத்தில் உட்காரவைத்தார். பேஸ் கிடார் மாதிரி ஒலிக்கவில்லை என்ற குறையைக் குறை என்று அவர் எடுத்துக்கொள்ளவே இல்லை.

தட்டு விற்கவில்லை. 1987-ல் சிகாகோ பையன்கள் அதே பெட்டியை வைத்து ஒரு புது நடன இசையைக் கிளப்பி உலகமெல்லாம் பேர் வாங்கினார்கள். சிங்கின் தட்டு 2010-ல் மறுபதிப்பு ஆனபோதுதான், 'அட, அஞ்சு வருஷம் முன்னாலயே மும்பையில் ஒருவர் இதைச் செய்துவிட்டாரே' என்று வெளிநாட்டுக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். அப்போது அவருக்கு எழுபது வயசு. 2015-ல் காலமானார். இதைத் தன்னம்பிக்கைக் கதையாக்கி உங்களுக்குச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இருபத்தெட்டு வருஷம் யாரும் கேட்காமல் இருந்தது இருந்ததுதான். ஒத்துக்காரர்கள் இடத்தில் சுருதிப்பெட்டி வந்து உட்கார்ந்தபோது அவர்களில் யாருக்கும் இப்படி ஒரு மறுபதிப்பு கிடைக்கவில்லை.

தம்பியிடம் சின்த் வாங்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த கொடைக்கு அவரைக் கூப்பிடுவார்களா என்று என்னால் உத்தரவாதம் சொல்ல முடியாது. அது பாதி துட்டு சமாச்சாரம், பாதி குழு நடத்துகிறவரின் மனசு. பெடல் இருந்தாலும் எல்லாப் பாட்டுக்கும் மிதிக்காதே என்றும் சொன்னேன். எண்பதுகளின் பாட்டு வந்தால் பெட்டியை அணைத்துவிட்டு வெறும் கம்பியில் வாசி. அங்கே சசிதரன் வாசித்ததை மெஷின் குரலில் சொன்னால் முன்வரிசைப் பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

"கடைக்குப் போகையில என்ன கொண்டுபோகணும் அண்ணாச்சி?" என்றார்.

உன் கிடாரைக் கொண்டுபோ. கடையில் இருக்கிற புதுக் கிடாரில் எல்லாப் பெடலும் நன்றாகத்தான் ஒலிக்கும். முடிந்தால் டிரம்ஸ்காரரையும் கூட்டிக்கொண்டு போ, அவர் தொடையில் தாளம் போடட்டும், நீ தடித்த கம்பியில் வேகமாக வாசித்துப் பார், எவ்வளவு பின்தங்குகிறது என்று அவர் முகத்திலேயே தெரியும். நேர் ஒலியையும் சின்த் ஒலியையும் கலந்துகொள்ளத் திருகு இருக்கிறதா என்று பார். விலை பேசும்போது 9 வோல்ட் அடாப்டரையும் சேர்த்துக் கேள். பெடல்களுக்குப் பெரும்பாலும் நடு முனை நெகட்டிவ், வீட்டில் கிடக்கிற பழைய ரேடியோ அடாப்டரைச் சொருகிவிடாதே.